டிவி முதலீட்டு மேடையும் தருமபுரியின் கல்லாப் பெட்டியும்

ஷார்க் டேங்க் இந்தியா நிகழ்ச்சியின் முதல் பருவத்துக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 62,000 பேர். மேடை ஏறிய தொழில்கள் 198. முதலீட்டாளர்கள் பணம் போடச் சம்மதித்தவை 67. மொத்தத் தொகை சுமார் 42 கோடி ரூபாய். விண்ணப்பித்த ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் அந்தச் சம்மதம் கிடைத்தது என்று இதற்குப் பொருள். சோனி தொலைக்காட்சியில் 2021 டிசம்பர் 20 அன்று தொடங்கிய அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு, 'ஈக்விட்டி', 'வேல்யுவேஷன்' போன்ற சொற்கள் டீக்கடை பெஞ்சு வரை வந்துவிட்டன. 2025 ஜனவரியில் விஜய் டிவி 'ஸ்டார்ட்அப் சிங்கம்' நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அதே மேடை தமிழிலும் வந்து சேர்ந்தது.

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலிருந்து தக்காளி லோடு அனுப்புகிறவருக்கும், பாப்பிரெட்டிப்பட்டியில் புளி வாங்கி விற்கிறவருக்கும், அரூரில் கேழ்வரகு மாவு அரைத்து பாக்கெட் போடுகிறவருக்கும் இதனால் என்ன பயன்? இதில் இரண்டு கட்சி உண்டு. அது கோடீஸ்வரர்கள் நடிக்கும் நாடகம், நமக்கு ஆகாது என்பது ஒன்று. அதைப் பார்த்தாலே தொழில் கற்றுக்கொள்ளலாம், முதலீடும் தேடி வரும் என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மை. அந்த மேடையில் புரளும் பணம் தருமபுரியின் பெரும்பாலான தொழில்களுக்குப் பொருந்தாது. அங்கே கேட்கப்படும் கேள்விகளோ, மாவட்டத்தின் ஒவ்வொரு கடைக்கும் பட்டறைக்கும் பொருந்தும். எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கைகுலுக்கல் ஒப்பந்தம் ஆகாது

இந்த வகை நிகழ்ச்சி ஜப்பானில் 2001-ல் பிறந்தது. 2005-ல் பிரிட்டனின் பிபிசி அதை 'டிராகன்ஸ் டென்' என்ற பெயரில் எடுத்தது. 2009-ல் அமெரிக்காவின் ஏபிசி 'ஷார்க் டேங்க்' என்று தொடங்கியது. எல்லா ஊரிலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: தொழில் நடத்துகிறவர் வந்து, இவ்வளவு பணத்துக்கு இவ்வளவு சதவீதப் பங்கு என்று கேட்பார். எதிரே நடுவர்களாக உட்கார்ந்திருக்கும் முதலீட்டாளர்கள் கேள்வி கேட்டு, பேரம் பேசி, பணம் போடுவார்கள் அல்லது விலகுவார்கள்.

திரையில் தெரிவது வாக்குறுதி மட்டுமே. கேமரா அணைந்த பிறகுதான் கணக்குப் புத்தகம், வரித் தாக்கல், உரிமம், கடன் பத்திரம் எல்லாவற்றையும் முதலீட்டாளரின் ஆடிட்டர்கள் புரட்டுவார்கள். அமெரிக்க நிகழ்ச்சியின் முதல் ஏழு பருவங்களில் ஒப்பந்தம் பெற்ற 237 தொழில்முனைவோரிடம் ஃபோர்ப்ஸ் இதழ் 2016-ல் விசாரித்தது. ஏறத்தாழ 73 சதவீதம் பேருக்கு டிவியில் பேசிய அதே ஒப்பந்தம் கிடைக்கவில்லை. சுமார் 43 சதவீதம் பேருக்கு ஒப்பந்தமே கைகூடவில்லை.

மேடைக்கே ஒரு விலை இருந்ததும் உண்டு. அமெரிக்க நிகழ்ச்சியில் பங்கேற்பவர்கள் ஒப்பந்தம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 5 சதவீதப் பங்கையோ லாபத்தில் 2 சதவீதத்தையோ தயாரிப்பு நிறுவனத்துக்குத் தர வேண்டும் என்ற விதி 2013-ல்தான் கைவிடப்பட்டது. அப்போது நடுவர்களில் ஒருவராக இருந்த மார்க் கியூபன் அதை எதிர்த்து நின்றார்.

நடுவர்களின் தீர்ப்பும் கடைசித் தீர்ப்பு அல்ல. வாசல் மணியில் கேமரா பொருத்தி விற்ற ஜேமி சிமினாஃப் 2013-ல் அந்த மேடையிலிருந்து ஒப்பந்தம் இல்லாமல் திரும்பினார். 'ரிங்' என்று பெயர் மாறிய அதே நிறுவனத்தை அமேசான் 2018-ல் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது.

வாய்ப் பேச்சையும் பத்திரத்தையும் ஒன்றாக எண்ணக் கூடாது என்பது இதில் நமக்கான முதல் பாடம். 'சரக்கு அனுப்புங்க, பாத்துக்கலாம்' என்று பெங்களூரு மொத்த வியாபாரி போனில் சொன்னதை நம்பி லாரி ஏற்றுகிறவர், கைகுலுக்கலை ஒப்பந்தம் என்று எண்ணிக்கொள்கிறவர்தான்.

சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் விலை

தருமபுரி விவசாயிக்கு மிக நெருக்கமான மேடைக் காட்சி, முதல் பருவத்தில் வந்த கமலேஷினுடையது. மகாராஷ்டிரத்தின் மாலேகானைச் சேர்ந்த அவர், விவசாயிகள் முதுகில் மருந்து டேங்க் சுமந்து அடிப்பதைப் பார்த்து, தள்ளிக்கொண்டே மருந்து அடிக்கும் வண்டியைத் தன் கையால் செய்து கொண்டுவந்தார். கேட்டது 10 சதவீதப் பங்குக்கு 30 லட்சம். லென்ஸ்கார்ட் நிறுவனர் பியூஷ் பன்சால் தந்தது 40 சதவீதப் பங்குக்கு 10 லட்சமும், வட்டியில்லாக் கடனாக 20 லட்சமும்.

கேட்டதும் 30 லட்சம், கிடைத்ததும் 30 லட்சம் என்று பலர் மகிழ்ந்தார்கள். கணக்கைப் பிரித்தால் வேறு படம் தெரியும். 10 சதவீதம் 30 லட்சம் என்றால் முழுத் தொழிலின் மதிப்பு 3 கோடி. 40 சதவீதம் 10 லட்சம் என்றால் முழுத் தொழிலின் மதிப்பு 25 லட்சம். கிடைத்த மூன்று பங்கில் இரண்டு பங்கு, திருப்பித் தர வேண்டிய கடன்.

இதனால் பன்சால் ஏமாற்றினார் என்று ஆகிவிடாது. அன்றைக்கு அந்த வண்டி சந்தைக்கு வந்த பொருள் அல்ல. இன்னும் மேம்படுத்த வேண்டிய கருவி. அந்த நிலையில் பணத்தோடு வழிகாட்டவும் ஒருவர் கிடைப்பது சிறிய விஷயம் இல்லை. ஆனால், சதவீதத்தைக் கேட்டதும் முழுத் தொழிலின் விலையைக் கணக்குப் போடும் பழக்கம் வேண்டும். தருமபுரியில் பங்கு விற்கிறவர்கள் குறைவு என்றாலும், மச்சானையோ நண்பரையோ கூட்டாளியாகச் சேர்க்கிறவர்கள் ஏராளம். 'அஞ்சு லட்சம் போடு, பாதிப் பாதி' என்று சொன்ன நிமிடமே, பத்து வருடம் உழைத்துச் சேர்த்த வாடிக்கை, இடம், பெயர் எல்லாம் சேர்த்துத் தொழிலுக்கு 10 லட்சம் என்று அவர் விலை போட்டுவிட்டார். அது சரியான விலையா என்று யாரும் கேட்பதில்லை.

பேரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதே பருவத்தில் ஹைதராபாதின் ஸ்கிப்பி ஐஸ் நிறுவனம் 5 சதவீதத்துக்கு 45 லட்சம் கேட்டு வந்து, ஐந்து நடுவர்களும் சேர்ந்து தந்த 1 கோடியை 15 சதவீதத்துக்குப் பெற்றது. தொழிலின் மதிப்பு 9 கோடியிலிருந்து சுமார் 6.67 கோடிக்கு இறங்கினாலும், ஐந்து பேர் விரும்பியதால் அது தலைகுப்புற விழவில்லை. தருமபுரி அரசு பட்டுக்கூடு ஏல அங்காடிக்குப் போகிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அங்கே விலையைத் தீர்மானிப்பது கூட்டின் தரம் மட்டுமல்ல, எதிரே எத்தனை நூற்பாளர்கள் நிற்கிறார்கள் என்பதும்தான். ஒரே மண்டிக்குச் சரக்கு போடுகிறவருக்குப் பேரம் பேச வாயே இல்லை. இரண்டாவது வாங்குபவரைத் தேடிக்கொள்வதே பேரத்தின் முதல் படி.

'கைக்கு என்ன நிக்கும்?'

நடுவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று: ஒரு பொருள் விற்றால் உங்களுக்கு என்ன மிஞ்சும்? நம் ஊர் வியாபார மொழியில் 'கிலோவுக்கு என்ன நிக்கும்?' என்று இதைத்தான் கேட்கிறோம். ஆனால் மற்றவர் சரக்கைப் பற்றிக் கேட்கிற அளவுக்கு, சொந்தச் சரக்கைப் பற்றிக் கேட்டுக்கொள்வதில்லை. 'ஏதோ ஓடுதுங்க' என்பதே பொதுவான பதில்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். வரியைத் தற்போதைக்கு ஒதுக்கிவைப்போம். அரை கிலோ கேழ்வரகு சத்துமாவு பாக்கெட்டின் விலை 120 ரூபாய். கடைக்காரருக்கு 24, விநியோகஸ்தருக்கு 10 போனால் தயாரிப்பவர் கைக்கு வருவது 86. தானியம் 24, வறுத்து அரைக்க 8, கவரும் லேபிளும் 9, கூலி 8, வண்டி வாடகை 6, காலாவதியாகித் திரும்பி வருவதால் நட்டம் 4. ஆக அடக்கம் 59. மிச்சம் 27 ரூபாய்.

மாதம் 1,000 பாக்கெட் விற்றால் 27,000 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். இடத்து வாடகை 6,000, மின் கட்டணம் 3,000, வட்டி 5,000 போனால் 13,000 மிஞ்சும். கணவனும் மனைவியும் 26 நாள் முழுநேரமும் உழைத்திருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாய்.

'நீங்கள் சம்பளம் எடுக்கிறீர்களா?' என்று நடுவர்கள் கேட்பதன் காரணம் இதுதான். வீட்டு ஆட்களின் உழைப்பைச் செலவில் எழுதாத தொழில், லாபத்தில் ஓடுவதுபோலவே தெரியும். ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைக்கும் நாளில்தான் உண்மை வெளிவரும். இந்தக் கணக்கு கண்ணில் பட்டுவிட்டால் செய்ய வேண்டியதும் விளங்கும். கடைக்காரர், விநியோகஸ்தர் இருவரையும் விட்டு நேரடியாக விற்கும் பங்கைக் கூட்டுவதா, கவர் செலவைக் குறைப்பதா, விலையை ஏற்றுவதா, இயந்திரம் வாங்கி அளவைப் பெருக்குவதா? கணக்கே இல்லாதவருக்கு இவற்றில் எதைத் தேர்வதென்று தெரியாமல், 'வியாபாரம் டல்' என்ற ஒற்றை விளக்கமே எஞ்சும்.

நல்ல தொழிலையும் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

லாபத்தில் நடக்கும் தொழிலையே பாராட்டிவிட்டு, 'நான் விலகுகிறேன்' என்று நடுவர் சொல்லும் காட்சி பலருக்கும் புரிவதில்லை. புளி வியாபாரத்தை வைத்து இதை விளக்கலாம்.

மாசி, பங்குனியில் புளி உலுக்கும் பருவம். அப்போது வாங்கி, ஓடு உடைத்து, கொட்டை தட்டி, இருப்பு வைத்து, ஆண்டு முழுவதும் விற்பதுதான் தொழில். ஒருவருக்குப் பருவத்தில் 20 லட்சம் தேவை என்று கொள்வோம். ஆண்டு லாபம் 6 லட்சம். 20 சதவீதப் பங்குக்கு 20 லட்சம் கேட்டு மேடை ஏறினால், முதலீட்டாளரின் பங்குக்கு வரும் லாபம் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். போட்ட பணத்துக்கு 6 சதவீதம். வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்றுதான் அவர் நினைப்பார். இந்தத் தொழில் ஐந்தாறு ஆண்டில் பத்து மடங்காகும் என்று தெரிந்தால் மட்டுமே அவருக்கு லாபம். புளித் தொழில் அப்படி வளராது. அது அதன் குற்றமும் அல்ல.

வியாபாரி பக்கமிருந்து பாருங்கள். அதே 20 லட்சத்தை வங்கியில் பணப்புழக்கக் கடனாக 12 சதவீத வட்டிக்கு எடுத்து, சராசரியாக ஐந்து மாதம் பயன்படுத்தித் திருப்பினால் வட்டி 1 லட்சம். பங்கு கொடுத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம், தொழில் இருக்கும் வரை. கூடவே முடிவெடுப்பதில் ஒருவர் தலையீடு.

பருவத்தில் முதல் போட்டு ஆண்டு முழுக்க எடுக்கும் தொழிலுக்குக் கடன் பொருந்தும். இன்னும் சந்தைக்கே வராத புதிய கருவிக்கு, தோற்றால் திருப்பித் தர வேண்டியிராத பங்கு முதலீடு பொருந்தும். நடுவர் வேண்டாம் என்றால் தொழில் மோசம் என்று பொருளில்லை. அவர் பணத்துக்கு அது ஏற்ற இடம் இல்லை என்றே பொருள். தருமபுரியின் பெரும்பான்மைத் தொழில்கள் முதல் வகை. டிவியைப் பார்த்துவிட்டு எல்லோரும் இரண்டாம் வகைப் பணத்துக்கு ஏங்குவது வீண். அதே சமயம், வங்கிக்குப் போகத் தயங்கித் தண்டல்காரரிடமும் மீட்டர் வட்டிக்காரரிடமும் போவது வீணிலும் வீண்.

பங்கு விற்க, முதலில் பங்கு இருக்க வேண்டும்

நிகழ்ச்சியில் சொல்லப்படாத, ஆனால் அடிப்படையான ஒரு செய்தி உண்டு. நம் ஊரில் பெரும்பாலான தொழில்கள் தனி ஒருவர் பெயரில் நடப்பவை. அந்தத் தொழிலுக்கு 'பங்கு' என்று சட்டப்படி எதுவும் கிடையாது. பங்கு விற்க வேண்டுமானால் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிய வேண்டும். பிறகு ஆண்டுதோறும் தணிக்கை, தாக்கல் என்ற செலவு வரும். விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனி என்றால் உறுப்பினர்களாக உற்பத்தியாளர்கள் மட்டுமே இருக்க முடியும். எந்தக் கோடீஸ்வரர் ஆசைப்பட்டாலும் பணம் போட்டு அதில் பங்கு வாங்க இயலாது.

அதனால் எல்லோரும் கம்பெனி தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆனால் நடுவர்கள் கேட்கும் காகிதங்களில் சில எல்லோருக்கும் தேவை. வீட்டுச் செலவும் கடைச் செலவும் கலக்காத தனி வங்கிக் கணக்கு. உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. பாக்கெட்டில் போடும் பெயருக்கு வணிக முத்திரைப் பதிவு. தனிநபரும் சிறுதொழிலும் இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு வகைக்கு 4,500 ரூபாய்தான் கட்டணம். பத்து வருடம் விற்றுப் பெயரெடுத்த பிறகு வேறொருவர் அதே பெயரைப் பதிந்துகொண்டால் அழுது பயனில்லை.

குறு, சிறு தொழில்களுக்கான, கட்டணமே இல்லாத உத்யம் பதிவையும் பலர் வெறும் சான்றிதழாகவே பார்க்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களிடம் பொருள் வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உற்பத்தி செய்கிறவர் இந்த உரிமையைக் கேட்க உத்யம் பதிவுதான் அடிப்படை.

திரையில் வராத இரண்டு சிக்கல்கள்

நிலுவை அவற்றில் முதலாவது. மேடையில் 'மாத விற்பனை இவ்வளவு லட்சம்' என்று சொன்னதும் கைதட்டல் எழும். அந்த விற்பனையில் எவ்வளவு பணமாக வந்தது, எவ்வளவு சிட்டையில் நிற்கிறது என்பது சுருக்கமாக வந்து போகும். சிறு தொழிலைச் சாய்ப்பது பெரும்பாலும் அந்தச் சிட்டைதான்.

இரண்டாவது, விலை ஆட்டம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வேறு ஆண்டுகளில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் பாலக்கோட்டுப் பகுதியில் தோட்டத்திலேயே பழத்தை விட்டிருக்கிறார்கள். டிவி மேடைக்கு வரும் நகரத்துத் தொழில்கள் அழகுசாதனம், நொறுக்குத்தீனி, செயலி என்று தாமே விலை வைக்கும் சரக்குகள். விலையைச் சந்தை வைக்கும் சரக்கு நம்முடையது. ஆகவே 'விரைந்து வளருங்கள், விளம்பரத்தில் கொட்டுங்கள்' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. கையிருப்புப் பணமே இங்கே முதல் பாதுகாப்பு.

சந்தையின் இடமும் வேறு. 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். அதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கிராமத்தில் இருப்பவர்கள். மதிப்புக் கூட்டிய பொருளுக்கு விலை கொடுக்கும் வாடிக்கையாளர் பெரும்பாலும் பெங்களூரிலும் சேலத்திலும் ஓசூரிலும் இருக்கிறார். தேசிய நெடுஞ்சாலை 44 மாவட்டத்தின் ஊடே போவது நமக்கு வாய்த்த வசதி. 'உங்கள் வாடிக்கையாளர் யார்?' என்ற நடுவரின் கேள்விக்கு 'எல்லோரும்தான்' என்று சொல்லாமல், ஊர் பெயரோடும் தெருப் பெயரோடும் பதில் சொல்லப் பழக வேண்டும்.

மேடை ஏறாமலே வளர்ந்த ஒரு பள்ளத்தாக்கு

டிவி மேடை ஏறாமலும் தொழில் வளரும் என்பதற்கு மாவட்டத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது. அரூருக்குக் கிழக்கே மலைகளுக்கு நடுவே உள்ள சிட்லிங்கில், டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-ல் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக 2000-களில் இயற்கை விவசாயிகளின் சங்கம் உருவானது. சிறுதானியத்தையும் மஞ்சளையும் அப்படியே விற்காமல் பதப்படுத்தி, பாக்கெட் போட்டு, பெண்களே நடத்தும் கூடத்தில் பண்டமாக்கி நகரங்களுக்கு அனுப்பினார்கள். 'பொர்கை' என்ற அமைப்பின் கீழ் லம்பாடிப் பெண்கள் மறந்துபோக இருந்த தையல் வேலைப்பாட்டை மீட்டுத் துணிகளாக்கி விற்கிறார்கள்.

இங்கே எந்த முதலீட்டாளரும் சதவீதம் கேட்கவில்லை. ஆனால் நடுவர்கள் கேட்கும் முக்கியமான கேள்விகள் இரண்டுக்கு இவர்களிடம் பதில் இருக்கிறது. மற்றவர் எளிதில் நகலெடுக்க முடியாதது உங்களிடம் என்ன? அந்தத் தையலும், அந்த மண்ணில் ரசாயனமின்றி விளைந்த தானியமும். நீங்கள் ஒருவர் இல்லாவிட்டால் தொழில் ஓடுமா? உறுப்பினர்கள் கூடி நடத்துவதால் ஓடும்.

நம் ஊரில் இருக்கும் மேடைகள்

தருமபுரிக்காரர் தன் தொழிலை விளக்கிச் சொல்ல வேண்டிய இடம் மும்பை ஸ்டூடியோ அல்ல, வங்கி மேலாளரின் மேசை. மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பல திட்டங்கள் இருக்கின்றன. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்திக்கு 50 லட்சம் வரையான திட்டங்களுக்குப் பிரிவையும் இடத்தையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் வரை மானியம். மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையான திட்டங்களுக்கு 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம். 2020-ல் வந்த குறு உணவு பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீதம். அடமானமில்லா முத்ரா கடனின் உச்சவரம்பு 2024-ல் 20 லட்சமாக உயர்ந்தது. உண்மையிலேயே புதுமையான பொருள் வைத்திருப்பவருக்கு மாநில அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டம் 10 லட்சம் ரூபாய் முதலீடு தருகிறது. அதற்கு ஈடாக அது எடுத்துக்கொள்ளும் பங்கு 3 சதவீதம். வரம்புகளும் காலக்கெடுவும் மாறக்கூடியவை என்பதால் நேரில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த மேசைகளில் விண்ணப்பம் திரும்புவதற்குக் காரணம் எப்போதும் வங்கியின் மெத்தனம் மட்டும் அல்ல. பல திட்ட அறிக்கைகள் ஜெராக்ஸ் கடையில் நான்கைந்து ஆயிரத்துக்கு எழுதி வாங்கியவை. தன் அறிக்கையில் இருக்கும் விற்பனை எண் எப்படி வந்தது என்று கேட்டால் விண்ணப்பதாரருக்கே தெரிவதில்லை. டிவியில் ஐந்து பேர் கேட்கும் கேள்வியை மேலாளர் ஒருவர் கேட்கிறார், அவ்வளவே வேறுபாடு.

மாவட்டத் தொழில் மையமும் கல்லூரிகளும் வணிகர் சங்கங்களும் சேர்ந்து, அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தமிழில் இப்படிக் கேள்வி கேட்கும் அரங்குகளை நடத்த வேண்டும். பணம் கொடுக்கக்கூட வேண்டாம். கணக்கைத் துருவிக் கேட்டாலே போதும், பாதி விண்ணப்பங்கள் தேறிவிடும்.

அதுவரை, அடுத்த முறை அந்த நிகழ்ச்சியைப் பார்க்க உட்காரும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் அடக்க விலை, கைக்கு நிற்பது, சிட்டையில் நிற்கும் நிலுவை, நீங்களும் வீட்டாரும் எடுக்க வேண்டிய சம்பளம் ஆகிய நான்கையும் உங்கள் தொழிலுக்கு எழுதிப் பாருங்கள். நான்கும் எழுத வந்துவிட்டால் மறுநாள் வங்கிக்குப் போகலாம். வராவிட்டால், எந்தக் கோடீஸ்வரர் பணம் போட்டாலும் அந்தப் பணம் தங்காது.